எட்டு நாளில் கால்வாய் திறக்கும்

படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்று ஐந்தாம் வகுப்பில் தடுமாறியது இன்றும் தடுமாறுகிறது. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. எனக்கும் பெரிய ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை. பிறகு பல வருஷம் இந்தக் கை எழுதியது ஒரே ஒரு சொல்தான். லண்டன். அதையும் இங்கிலீஷ் தெரிந்து எழுதவில்லை. தகரத்தில் வெட்டிய அச்சை மூட்டையின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் எழுத்து தானாக விழும். அதிலே ஒரு எழுத்தைத் தலைகீழாக வெட்டியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

போன மாதம் டாக்டர் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாத்திரையோடு ஆவாரம்பூக் கஷாயமும் குடித்தால் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர் பூவோடு இரண்டு துண்டு ஆவாரம் பட்டையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அது அடுப்பில் கொதித்ததும் அந்தத் துவர்ப்பு வாடை எழுந்தது. நான் சமையல்கட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பின் பட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். காலடியில் ஈரம். “ஏலே, பேப்பர் வந்துருச்சா” என்று மீரான் அண்ணன் கேட்கிறார்.

தோல் பதனிடுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடியையும் சவ்வையும் கத்தியால் வழித்து, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைப்பார்கள். பாதிப் பதத்தில் அப்படியே கட்டி ரயிலேற்றினால் மதராஸ் போய்க் கப்பலில் லண்டன் போகும். அங்கே ஏலம் விடுவார்கள். மீதி வேலையைச் செய்து துரைமார் காலுக்குச் செருப்பாக்குவது அந்த ஊர்க்காரர்கள் பாடு. அய்யலூர்ச் சந்தையில் நின்ற ஆடு கடைசியில் லண்டன் தெருவில் நடக்கும் என்று மீரான் அண்ணன் சொல்வார்.

அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். முடி வழிக்கிற வேலை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, சாய்த்து வைத்த மரத்தின் மேல் தோலைப் போட்டு வழிக்க வேண்டும். அவர் வழித்த தோலில் ஒரு கீறல் விழாது. முதலாளியே வந்து நின்று பார்ப்பார்.

நான் அங்கே மூட்டையில் மார்க் போடுகிறவன். பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால் அப்படியே குடிப்பேன். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது சர்க்கரை திரும்பி வந்து உடம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது போலும். ஆனால் என் கையில் ஒரு பேப்பரைக் கொடுத்தால் கணீரென்று படிப்பேன். சொல்கிறது நான் இல்லை அல்லவா, யாரோ எழுதியது. அதனால் வெட்கம் இருக்காது.

ஷாப்புக்கு எதிரே சுப்பையாவின் டீக்கடை. எங்களை உள்ளே உட்கார விடமாட்டார். எங்கள் மேல் வருகிற வாடைக்கு மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பார். அது பொய்யில்லை. டீ வாசலுக்கு வரும். மதுரையிலிருந்து வருகிற ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஊரே படித்து முடித்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் எங்களுக்கு அனுப்புவார். வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மற்ற ஊர்க்காரர்கள் பேப்பரில் சினிமாவையும் கொலையையும் முதலில் பார்ப்பார்கள். நாங்கள் லண்டனைப் பார்ப்போம். அந்த ஊர் மந்திரிசபையில் யாருக்கு யார் ஆகாது, பிரான்சில் இந்த மாதம் எந்த ஆட்சி கவிழ்ந்தது, கப்பல் துறைமுகத்தில் வேலைநிறுத்தமா என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. எங்கள் முனிசிபாலிட்டியில் சேர்மன் யார் என்று கேட்டால் இரண்டு பேர் யோசித்துச் சொல்வார்கள். பேகம்பூர்க் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். விடிவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது நகர்ந்துவிடாமல் காவல் நிற்க வேண்டும். அதைப் பற்றி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி இருக்காது. லண்டனில் மூடுபனி என்றால் முதல் பக்கத்தில் போடுவார்கள். இந்த எரிச்சல் எனக்கு அப்போதே உண்டு.

ஐம்பத்தாறாம் வருஷம் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்தது. மிசிர் என்கிற எகிப்து நாட்டுக்காரர்கள் தங்கள் மண்ணில் ஓடுகிற கால்வாயைத் தங்களுடையது என்றார்கள். இங்கிலீஷ்காரர்களும் பிரான்சுக்காரர்களும் கூடிப் போய்க் குண்டு போட்டார்கள். சண்டை பிடிக்கிற மிசிரையும் அதன் பக்கத்து நாட்டையும் விலக்கிவிடப் போனோம் என்று லண்டன் சபையில் சொன்னார்கள். முன்கூட்டியே பேசி வைத்துச் செய்த வேலை என்று பிற்பாடு வெளியே வந்தது. மிசிர்க்காரர்கள் கால்வாயிலேயே கப்பல்களை முக்கி அடைத்துவிட்டார்கள்.

“நம்ம மனசு மிசிரு பக்கம், வயிறு லண்டன் பக்கம். எந்தப் பக்கம்ப்பா துஆ கேக்குறது?” என்றார் மீரான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மூட்டைக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. நான் மார்க் போட்ட மூட்டைகள் ஷெட்டிலேயே அடுக்கிக் கிடந்தன. முதலாளி புதுத் தோல் வாங்குவதை நிறுத்தினார். தொட்டியில் கிடக்கிற தோல் முடிந்ததும் ஷாப்பை மூடுவது என்று பேச்சு அடிபட்டது.

அப்போதுதான் பக்கீர் வந்தார். மீரான் அண்ணனின் மனைவி ஜெயினம்பு மதினியின் கூடப்பிறந்தவர். நெய்க்காரப்பட்டியில் ஒரு பெரிய தோட்டத்தில் கரும்பாலையைப் பார்த்துக்கொள்கிறவர். கொப்பரைக்குத் தீப்போட ஓர் ஆள் வேண்டும், குடியிருக்க அறையும் உண்டு, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட வந்திருந்தார்.

“ஏனுங்க மச்சான், இந்தச் சுண்ணாம்புத் தண்ணியில நின்னு கால்தான் வெந்து போச்சுங்களே. வெல்லம் காய்ச்சுற எடமுங்க, வாசமா இருக்கலாம். ஆனா நாளைக்கே சொல்லோணும். தோட்டத்துக்காரரு காத்திருக்க மாட்டாருங்க.”

“செத்த இரு மச்சான். பேப்பர் வரட்டும். கால்வா எப்பத் தொறக்கும்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் மீரான் அண்ணன்.

பேப்பர் வந்தது. வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பக்கீரும் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் படிக்கத் தொடங்கினேன். மூழ்கிக் கிடக்கிற கப்பல்களை எடுத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யப் பல மாதங்கள் ஆகும் என்று போட்டிருந்தது. அந்த வரி வருவதற்கு முன்பே என் கண் அதைப் பார்த்துவிட்டது.

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். மீரான் அண்ணன் ஒருவரிடம்தான் எனக்குப் பேச்சு வரும். மத்தியானம் அவரோடுதான் சாப்பிடுவேன். என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, “வெறுஞ்சோறா, இந்தா வெஞ்சனம்” என்று தன் பங்கில் பாதியைத் தள்ளுவார். அவர் நெய்க்காரப்பட்டி போய்விட்டால் எனக்குப் பேகம்பூரில் வேறு ஆள் இல்லை. இதையெல்லாம் அப்போது யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாக மாற்றிப் படித்தது.

“எட்டு நாளில் கால்வாய் திறக்கும் என்று லண்டனில் மந்திரி அறிவித்திருக்கிறார்.”

என் குரல் நடுங்கக்கூட இல்லை. மற்ற நாளைவிடக் கணீரென்று இருந்தது.

“எட்டு நாளா?” என்றார் மீரான் அண்ணன். “எட்டு நாள் பட்டினி கெடந்தாக்கூடக் கடந்துரும். மச்சான், நீ போய்ட்டு வா. கோவிச்சுக்காத. கைக்குப் பழகுன தொழில விட்டுட்டு அடுப்புக்கு முன்னாடி நான் எதுக்கு?”

பக்கீர் எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

எட்டாம் நாள் ஷாப்பு மூடியது. கால்வாய் முழுவதும் திறந்த செய்தி அடுத்த வருஷம் நோன்பு மாதத்தில்தான் வந்தது. அதுவரை ஆளுக்கு ஒரு பக்கம் கிடைத்த வேலைக்குப் போனோம். நான் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தைத்தேன். மீரான் அண்ணன் மலையடிவாரத்தில் கல் உடைக்கப் போனார். பழக்கமில்லாத வேலை. ஒருநாள் கல் சரிந்து வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஷாப்பு திறந்த பிறகு அவரால் அந்தக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. பட்டை சுமக்கிற வேலை கொடுத்தார்கள்.

நெய்க்காரப்பட்டி வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அந்த ஆள் பிறகு அங்கேயே குத்தகைக்கு நிலம் பிடித்து நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

மீரான் அண்ணன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல அவருக்குக் காரணம் தெரியாது. அவர் திட்டியது லண்டன் மந்திரியை. அந்த மந்திரி உடம்பு சரியில்லை என்று பதவியை விட்டுப் போன செய்தியையும், ஷாப்பு மூடிக் கிடந்தாலும் சாயங்காலம் மரத்தடியில் கூடுகிறவர்களுக்கு நான்தான் படித்தேன்.

“எட்டு நாளுன்னு சொன்னாம்ல. சொன்ன வாய் நல்லாருக்குமா? உடம்பு சரியில்லாமத்தான் போகும்” என்றார்.

அந்த மந்திரி சொன்ன பொய்கள் எத்தனையோ இருக்கலாம். அந்த ஒரு பொய் அவருடையதல்ல. நசுங்கிய விரலோடு மீரான் அண்ணன் அந்த மனிதரைச் சபிக்கும்போதெல்லாம் நான் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருப்பேன். பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. நடுவில் ஐரோப்பாக்காரர்கள் கூட்டாக ஒரு சந்தை வைத்தார்கள். லண்டன்காரர்கள் அதில் சேரப் போனபோது பிரான்சுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி வேண்டாம் என்றார்கள். சேர்ந்து போய் அடுத்தவன் வீட்டில் கல்லெறிந்த இரண்டு பேருக்குள் ஏழு வருஷத்தில் பேச்சுவார்த்தை இல்லை. அதைப் படித்தபோது எல்லோரும் ரசித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னவர்களுக்காவது ஒருவர் மேல் ஒருவர் பழி போட வழி இருக்கிறது. என் பொய்யில் எனக்குக் கூட்டாளி இல்லை.

அறுபத்தேழில் மறுபடியும் சண்டை. மறுபடியும் அதே கால்வாய் அடைத்துக்கொண்டது. அந்த வருஷக் கடைசியில் லண்டன் காசின் மதிப்பையும் குறைத்தார்கள். முதலாளி பாதித் தொட்டியைக் காயப்போட்டார். மீரான் அண்ணனுக்கு அதற்குள் இருமல் வந்திருந்தது. பட்டைத் தூசி. பதினோரு வருஷமாக வீட்டுப்படி ஏறாமல் இருந்த பக்கீர் திரும்பவும் வந்தார். தென்னந்தோப்புக்குக் காவல் வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், நல்ல காற்று. இந்தத் தடவையாவது வாருங்கள் மச்சான் என்றார்.

பேப்பர் வந்தது. நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. கால்வாய் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, வருஷக்கணக்கில் ஆகலாம் என்று படித்தேன்.

மீரான் அண்ணன் இருமிக்கொண்டே சிரித்தார். “போன தடவ எட்டு நாள்ல தொறக்கும்னான், தொறக்கல. இப்பத் தொறக்காதுங்கிறான். அப்பச் சீக்கிரம் தொறந்துரும். எனக்குத் தெரியாதா அவன் புத்தி?”

இப்படி ஒரு கணக்கை அவர் போடுவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் அவர் பின்னாலேயே நடந்தேன். குழாயடி தாண்டி, மசூதி தாண்டி, அவர் வீட்டுச் சந்து முனையில் நின்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

“அண்ணே, போன தடவை எட்டு நாளுன்னு பேப்பர்ல போடலண்ணே. நான்தான் மாத்திப் படிச்சேன். பல மாசம் ஆகும்னுதான் போட்ருந்துச்சு. நீங்க ஊர விட்டுப் போயிருவீகளேன்னு.”

 அவர் என் தோளில் அந்த இரண்டு விரல் மடங்கிய கையை வைத்தார்.

“ஏலே அப்பு, நீயா? பஸ்ஸ நிறுத்தச் சொல்ல வாய் வராதவன். சர்க்கரை இல்லாத டீயக் குடிக்கிறவன். நீ மாத்திப் படிச்சியா? என்னையத் தோப்புக்கு அனுப்பணும்னு இப்பத்தான்ப்பா பொய் சொல்ற. இருமுறேன்னு பாவம் பாக்குற. போ, போய்ச் சாப்பிடு.”

“இல்லண்ணே, சத்தியமா.”

“சத்தியம்லாம் பண்ணாத. நம்ம ஆளு பொய் சொல்ல மாட்டான். அம்புட்டும் அந்த வெள்ளைக்காரன் வேல.”

 இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். மதினியையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பி நடந்தேன். பக்கீர் மறுநாள் தனியாகப் பஸ் ஏறினார்.

கால்வாய் எட்டு வருஷம் திறக்கவில்லை. மீரான் அண்ணன் ஐந்து வருஷம்தான் காத்திருந்தார். கடைசி மாதங்களில் வேலைக்கு வர முடியாமல் போனபோதுகூட, நான் பார்க்கப் போனால், “என்ன போட்ருக்கான்?” என்றுதான் கேட்பார். எழுபத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வருஷம் லண்டன்காரர்களை அந்தச் சந்தையில் சேர்த்துக்கொண்டார்கள். அதைக் கேட்டுச் சிரிக்க அவர் இல்லை.

கால்வாய் திறந்த செய்தி வந்த அன்று சுப்பையாவிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். தாளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள்.

“கால்வாயா தம்பி?”

“ஆமா மதினி. தொறந்துட்டாக.”

“எங்கண்ணன் மொத தடவ வந்துட்டு பஸ்ஸுல போறப்ப, பக்கத்துல இருந்தவரு கையில அதே பேப்பரப் பாத்துருக்காரு. அவருக்கு எழுத்துத் தெரியும்ல. எட்டு நாளுன்னு அதுல இல்ல. வர இஷ்டமில்லாம எங்க வீட்டுக்காரருதான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் படிக்க வச்சுட்டாருன்னு நெனச்சுட்டாரு. அந்தக் கோவத்துலதான் பதினோரு வருசம் எங்க வீட்டுக்கு வரல. போன வருசந்தான் எங்கிட்டச் சொன்னாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இவரு சொல்லிக் குடுத்துருக்க மாட்டாரு. அவருக்கு அந்தப் புத்தி வராது. நீங்களாத்தான் படிச்சிருப்பீக” என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி, கொண்டு வந்துட்டீக. முழுசாப் படிங்க. என்ன போட்ருக்குன்னு கேப்போம்.”

நின்றபடியே படித்தேன். எந்தக் கப்பல் முதலில் போயிற்று, யார் யார் வந்திருந்தார்கள், எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். குரல் கணீரென்று வரவில்லை. முடித்ததும் மதினி, “அவ்வளவுதானா?” என்றார்கள். அவ்வளவுதான் என்றேன். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது கால்வாயில் கப்பல்கள் போகின்றன. ஆனால் பாதிப் பதத் தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று நம் சர்க்கார் கட்டுப்பாடு வைத்துவிட்டது. எங்கள் ஷாப்பை இடித்துவிட்டு அரிசி குடோன் கட்டியிருக்கிறார்கள். தொட்டிகளை மண் போட்டு மூடியாயிற்று. வேப்பமரம் இருந்த இடத்தில் லாரி திரும்புகிறது. லண்டனில் இப்போது ஒரு அம்மாள் ஆட்சிக்கு வந்திருக்கிறாராம். ஐரோப்பாக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சபைக்கு ஓட்டுப் போட்டார்களாம். எதற்கென்று எனக்கு முழுதாகப் புரியவில்லை, புரிந்து ஆகப்போவதும் இல்லை. குழாயில் தண்ணீர் இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிறது.

சுப்பையாவின் மகன் என்னைக் கடைக்குள்ளேயே உட்காரச் சொல்கிறான். என் மேல் இப்போது வாடை இல்லை. ஆளுக்கு ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் படித்துவிட்டு எழுந்து போகிறார்கள். என்ன போட்டிருக்கிறான் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

1979 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்.